மங்கோடு மல்லுக்கட்டிய கதை

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என் இரண்டு கன்னங்களிலும் காப்பிக் கறை போல மங்கு படிந்தது. அழுக்கு என்று நினைத்து சொரசொரப்பான ஸ்க்ரப் போட்டுத் தேய்த்தேன். முகம் சிவந்தது, சிவந்த இடம் இன்னும் கறுத்தது. எரிச்சல் பட்டாலே மங்கு கூடும் என்று தோல் மருத்துவர் சொன்ன பிறகுதான் கையை அடக்கினேன்.

அப்புறம் வாரத்தில் 2 இரவு மட்டும் லாக்டிக் ஆசிட் (இறந்த செல்களை மெல்ல உதிர்க்கும் அமிலம்), முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, பட்டாணி அளவு. மற்ற இரவுகளில் 5 சதவீத நியாசினமைடு, அதாவது வைட்டமின் பி3. உருவான நிறமி மேல்தோல் செல்களுக்குப் போய்ச் சேர்வதை அது குறைக்கும். காலையில் வைட்டமின் சி சீரம். முதல் பாட்டில் காற்றுப்பட்டுப் பழுப்பாகிவிட்டது, தூக்கிப் போட்டேன்.

ஆனால் பாதி வேலையைச் செய்தது சன்ஸ்கிரீன்தான். அதுவும் இரும்பு ஆக்சைடு கலந்த, லேசான நிறமுள்ளது. கண்ணுக்குத் தெரியும் ஒளி பட்டாலும் மங்கு கறுக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுக்காது.

3 மாதத்தில் கன்னத்துக் கறையின் ஓரங்கள் வெளிறின. மேலுதட்டின் மேல் இருப்பது மட்டும் இன்னும் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறது.