வெளி ஸ்காலர்ஷிப் வந்தால் கல்லூரிச் செலவு குறைந்துவிடுமா?

அமெரிக்காவில் பிள்ளைக்கு ஒரு வெளி அமைப்பு 5,000 டாலர் ஸ்காலர்ஷிப் கொடுத்தால், தாங்கள் கட்டும் தொகையில் 5,000 குறையும் என்றே பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். முதல் தவறு இதுதான்.

ஒரு கணக்கு பார்ப்போம். ஒரு தனியார் கல்லூரியில் ஆண்டுச் செலவு 80,000 டாலர். உங்கள் வருமானத்தைப் பார்த்து, 25,000 உங்களால் கட்ட முடியும் என்று கல்லூரி முடிவு செய்கிறது. மீதி 55,000 உங்கள் தேவை. அதில் 48,000 திருப்பித் தர வேண்டாத மானியம், 3,500 கடன், 3,500 வளாகத்தில் வேலை பார்த்துச் சம்பாதிப்பது. தேவை முழுவதும் நிரம்பிவிட்டது. கூட்டாட்சி அரசின் தேவை அடிப்படையிலான உதவி இதில் கலந்திருந்தால், மொத்தம் அந்தத் தேவையைத் தாண்டக் கூடாது. அதனால் புதிதாக 5,000 வந்தால் ஏற்கெனவே இருப்பதில் ஏதோ ஒன்று குறையும்.

எது குறையும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சில கல்லூரிகள் முதலில் கடனையும் வேலையையும் குறைக்கும். பிள்ளைக்கு அது நிஜமான லாபம். வேறு சில கல்லூரிகள் நேராக மானியத்தில் கை வைக்கும். அங்கே பிள்ளை ராத்திரி பகலாகக் கட்டுரை எழுதி வாங்கிய பணம் கல்லூரிக்குத்தான் மிச்சம். இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். மேரிலாந்து மாநிலம் 2017-இல் தன் அரசுக் கல்லூரிகளில் இதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பிறகு வேறு சில மாநிலங்களும் சட்டம் போட்டன. எல்லா மாநிலத்திலும் அந்தப் பாதுகாப்பு இல்லை. இரண்டு வகைக் கல்லூரியிலும் உங்கள் 25,000 அப்படியே நிற்பதைக் கவனியுங்கள்.

அடுத்த தவறு, எவ்வளவு உதவி என்று கல்லூரிகள் அனுப்பும் நிதியுதவிக் கடிதங்களை வந்தபடியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. மே 1-க்குள் கல்லூரியை உறுதி செய்வதற்கு முன், ஒவ்வொரு நிதியுதவி அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள்: "வெளி ஸ்காலர்ஷிப் வந்தால் எதை முதலில் குறைப்பீர்கள்?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். தேவை அடிப்படையில் உதவி கிடைக்காத குடும்பமாக இருந்து, மதிப்பெண்ணுக்காக மட்டும் ஒரு கல்லூரி பணம் தருகிறது என்றால், வெளிப் பணம் பல இடங்களில் அதன் மேலேயே சேரும். அப்போது நீங்கள் கட்டுவதே குறையும். முதலில் விலை அதிகமாகத் தெரிந்த கல்லூரி, இந்தக் கணக்குக்கு அப்புறம் மலிவாக மாறலாம்.

சொல்லாமல் மறைப்பது பெரிய தவறு. காசோலை பெரும்பாலும் கல்லூரிக்கே போகும்; தெரியாமல் இருக்காது. ஆண்டு நடுவில் தெரிந்தால், ஏற்கெனவே கொடுத்த உதவியைத் திருப்பிக் கேட்பார்கள்.

ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் நம் பிள்ளைகளுக்கு, ஃபாஃப்சா என்ற நிதியுதவி விண்ணப்பம் வழியாகக் கூட்டாட்சி உதவி கிடையாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கும் வெளி ஸ்காலர்ஷிப்களும் நிறைய. விண்ணப்பிக்கும் முன்பே தகுதிப் பகுதியைப் படித்துவிட்டால் வீண் உழைப்பைத் தவிர்க்கலாம்.

மானியம் குறைந்தே தீரும் என்று கல்லூரி சொன்னாலும் கேட்க வழி உண்டு. மடிக்கணினி, மருத்துவக் காப்பீடு போன்றவற்றை ஆண்டுச் செலவில் சேர்க்கச் சொல்லுங்கள். தேவை உயர்ந்தால் வெளிப் பணத்துக்கு இடம் கிடைக்கும். கொடுத்த அமைப்பிடம், தொகையை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துத் தர முடியுமா என்றும் கேளுங்கள். ஒரே ஒரு ஆண்டுக்கு மட்டும் வரும் பணமா என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளலாம். கல்விக் கட்டணம், புத்தகம் போக, தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் செலவாகும் பகுதி வரிக்கு உட்பட்ட வருமானம். அதற்கான வரித் தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள்.