தன்னிடமே தாவிய காலாக்

நாகர்கோவிலில் நான் எழுதிவரும் சிறு கர்னல் (இயங்குதளத்தின் மைய நிரல்), ஜிசிசி கம்பைலரில் வேகத்துக்காக நிரலை மாற்றியமைக்கும் ஓ2 தெரிவுடன் தொகுத்தால் மட்டும் பூட் ஆகும்போதே உறைந்தது. அந்த மாற்றங்கள் இல்லாத ஓ0-வில் ஒழுங்காக ஓடியது. இன்டரப்ட், பேஜ் டேபிள் என மூன்று நாள் தேடியது வீண். ஸ்டாக் (செயற்கூறு அழைப்புகளைக் குறித்துவைக்கும் நினைவகப் பகுதி) நிரம்பிய அடையாளமும் இல்லை.

மார்த்தாண்டத்து நண்பர் சொல்லி டிஸ்அசெம்பிளியை, அதாவது கம்பைலர் உருவாக்கிய இயந்திர ஆணைகளைப் பார்த்தபோதுதான் விளங்கியது: மாலாக் செயற்கூறால் நினைவகம் பெற்று, மெம்செட்டால் பூஜ்யமாக்கும் என் காலாக் செயற்கூறு, பெருக்கலுக்குப் பின் இரண்டாம் ஆர்குமென்டில் 1 வைத்துத் தன்னிடமே தாவிக்கொண்டிருந்தது. மாலாக்கும் மெம்செட்டும் சேர்ந்து வந்தால் அது சி நூலகக் காலாக்குக்குச் சமம் எனக் கம்பைலர் கருதி, காலாக் அழைப்பாக மாற்றிவிடுகிறது; என் கர்னலில் அந்தப் பெயரில் இருப்பதோ இதே செயற்கூறு. அழைப்பு கடைசியில் இருப்பதால் ‘கால்’ ஆணைக்குப் பதில் ‘ஜம்ப்’ வருகிறது, ஆகவே ஸ்டாக் வளர்வதே இல்லை.

மேக்ஃபைலில் அந்தக் கோப்புக்கு மட்டும் சி நூலகம் இருப்பதாகக் கருதாதே எனக் கம்பைலருக்குச் சொல்லும் ‘ஃப்ரீஸ்டாண்டிங்’ தெரிவு விடுபட்டிருந்தது. சேர்த்ததும் பூட் ஆனது, பெரிய நிம்மதி.