ஜப்பானில் மலிவு வீடு: வெளிநாட்டவர் வாங்கும் வழி, படிப்படியாக

ஆறு அறை, ஓட்டுக்கூரை, பின்னால் மூங்கில் தோப்பு, விலை பத்து லட்சம் யென். நம் பணத்தில் ஏறத்தாழ ஆறு லட்சம் ரூபாய். இப்படி வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் பொய்யில்லை. ஜப்பானில் நிலத்தையும் வீட்டையும் வெளிநாட்டவர் தம் பெயரிலேயே முழு உரிமையுடன் வாங்கலாம். அதற்கு விசா தேவையில்லை, அங்கே குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் அந்தப் பத்து லட்சத்தை முதல் தவணை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குவது எளிது, பிடிக்காமல் போனால் கைகழுவுவதுதான் கடினம். கீழே வரும் படிகளை அந்தக் கவலையோடுதான் எழுதியிருக்கிறேன்.

முதலில் ஏன் இவ்வளவு மலிவு என்று தெரிந்துகொள்வோம். 2023ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பின்படி ஜப்பானில் சுமார் 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கின்றன. மொத்த வீடுகளில் இது 13.8 சதவீதம். வாடகைக்கும் விற்பனைக்கும் காத்திருப்பவை, விடுமுறை இல்லங்கள் ஆகியவற்றைக் கழித்தாலும் 38 லட்சத்துக்கு மேல் மிஞ்சுகிறது. இவற்றை 'அகியா' என்கிறார்கள். மர வீட்டின் ஆயுளை வரிச் சட்டம் 22 ஆண்டுகள் என்றே கணக்கிடுகிறது. அதற்குப் பிறகு கட்டடத்துக்குச் சந்தையிலும் மதிப்பு அநேகமாகப் பூஜ்யம். பெற்றோர் இறந்தபின் டோக்கியோவிலோ ஒசாகாவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்த வீடு சுமை. இடித்துவிடலாம் என்றால் அதற்கும் செலவு. போதாக்குறைக்கு, வீடு நிற்கும் மனைக்குக் கிடைக்கும் நிலவரிச் சலுகையும் போய்விடும். ஆகவே யாராவது வாங்கிக்கொண்டால் போதும் என்ற நிலைக்கு வருகிறார்கள். அந்தச் சுமையைத்தான் நீங்கள் தோளில் வாங்கப் போகிறீர்கள்.

படி 1: எதற்காக வாங்குகிறீர்கள்?

வீடு வாங்கினால் விசா கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். வீட்டுக்கும் குடியுரிமைக்கும், தங்கும் அனுமதிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சுற்றுலா விசாவில் எத்தனை நாள் தருகிறார்களோ அத்தனை நாள்தான் உங்கள் வீட்டிலும் தங்கலாம். தொழில் நடத்துவதற்கான விசாவுக்குக் காட்ட வேண்டிய முதலீடு முன்பு 50 லட்சம் யென்னாக இருந்தது. 2025 அக்டோபரில் அதை மூன்று கோடி யென்னாக உயர்த்திவிட்டார்கள்.

சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், 2018இல் நடைமுறைக்கு வந்த 'மின்பாக்கு' சட்டப்படி ஆண்டுக்கு 180 நாட்கள்தான் விட முடியும். நீங்கள் அங்கே இல்லையென்றால் பதிவு பெற்ற நிர்வாக நிறுவனம் ஒன்றிடம் பொறுப்பை ஒப்படைத்தே ஆக வேண்டும். மலை கிராமத்து வீட்டில் இந்தக் கணக்கு அவ்வளவாக எடுபடாது என்பது என் கருத்து. நீண்ட காலம் அங்கே வாழும் அனுமதி உள்ளவர்களுக்கும், ஆண்டுதோறும் சில வாரங்கள் போய்த் தங்க விரும்புகிறவர்களுக்கும்தான் இது பொருந்தும்.

படி 2: தேடுவது

நகராட்சிகளும் ஊராட்சிகளும் 'அகியா பாங்கு' என்ற பெயரில் தங்கள் ஊர்க் காலி வீடுகளைப் பட்டியலிட்டு வைத்திருக்கின்றன. நாடு முழுவதற்குமான தொகுப்பை லைஃபுல் ஹோம்ஸ், அட் ஹோம் என்ற இரண்டு தனியார் தளங்கள் அரசின் ஏற்பாட்டில் நடத்துகின்றன. எல்லாம் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும்; உலாவியின் மொழிபெயர்ப்பு தேடுவதற்குப் போதும், கையெழுத்திடுவதற்குப் போதாது.

பட்டியலைப் பார்த்துப் பிடித்த வீடு கிடைத்தால், அந்த ஊரின் அகியா பாங்கில் உங்களைப் பயனாளராகப் பதிவு செய்ய வேண்டும். குடியேறி வாழ்வேன், ஊர்ச் சங்கத்தில் சேர்வேன் என்று உறுதிமொழி கேட்கும் ஊர்களும் உண்டு. பழுது பார்க்க மானியம் தரும் ஊர்கள் பெரும்பாலும் அங்கே வந்து வசிப்பவர்களுக்கே தருகின்றன. நகராட்சி அறிமுகம் செய்துவைப்பதோடு சரி. பேரமும் ஒப்பந்தமும் உங்கள் பாடு, அல்லது உள்ளூர்த் தரகரின் பாடு.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. நீகாத்தா மாகாணத்தின் யுசாவாவில் பனிச்சறுக்கு மோகம் உச்சத்தில் இருந்தபோது கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் இன்று ஒரு லட்சம் யென்னுக்குக்கூட விலைக்கு வருகின்றன. அவற்றில் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். பழைய உரிமையாளர் வைத்த பாக்கியும் சட்டப்படி புதிய உரிமையாளர் தலையில் விழும். விலை குறையக் குறைய, விற்பவர் எதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறார் என்று கேளுங்கள்.

படி 3: நேரில் போகுமுன் காகிதம்

விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே முக்கால்வாசி வீடுகளைக் கழித்துவிடலாம். அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான்.

சாலையிலிருந்து தொடங்குங்கள். நகரத் திட்டப் பகுதிக்குள் இருக்கும் மனை, சட்டம் சாலையாக ஏற்கும் வழியை, பொதுவாக 4 மீட்டர் அகலமுள்ளதை, குறைந்தது 2 மீட்டர் நீளத்துக்குத் தொட்டிருக்க வேண்டும். தொடவில்லையென்றால் அந்த வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட முடியாது. விளம்பரத்தில் 'சைகென்சிகு ஃபுகா' என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். மறுகட்டுமானம் கூடாது என்று பொருள். பழுது பார்த்தே காலத்தை ஓட்டலாம் என்று சிலர் வாங்குகிறார்கள். ஆனால் 2025 ஏப்ரல் முதல், மேல்மாடி உள்ள மர வீட்டில் தூண், உத்தரம், கூரை போன்ற முக்கியப் பாகங்களில் ஏதாவது ஒன்றைப் பாதிக்கு மேல் மாற்றுவதற்கும் கட்டட அனுமதி வேண்டும். இத்தகைய மனையில் அந்த அனுமதி கிடைப்பது அரிது. புதிதாக வாங்குகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது ஆண்டு. 1981 ஜூன் 1ஆம் தேதி புதிய நிலநடுக்க விதிகள் அமலுக்கு வந்தன. கட்டி முடித்த நாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். கட்டட அனுமதி பெற்ற நாள்தான் கணக்கு. 1982இல் முடிந்த வீடும் பழைய விதிப்படி கட்டியதாக இருக்கலாம். மர வீடுகளுக்கான விதிகள் 2000ஆம் ஆண்டில் மீண்டும் இறுக்கப்பட்டன. 1995இல் கோபேயிலும் 2024 புத்தாண்டு நாளில் நோத்தோ தீபகற்பத்திலும் பழைய மர வீடுகள் எப்படிச் சரிந்தன என்று படங்களைத் தேடிப் பார்த்துவிட்டு இதை முடிவு செய்யுங்கள்.

வீட்டோடு வயல் ஒட்டிக்கொண்டு வருகிறதா? விவசாய நிலத்தை வாங்க உள்ளூர் விவசாயக் குழுவின் அனுமதி வேண்டும். குறைந்தபட்சப் பரப்பளவு என்ற நிபந்தனையை 2023இல் நீக்கிவிட்டார்கள். என்றாலும் நீங்களே அங்கே பயிரிடுவீர்கள் என்று குழு நம்ப வேண்டும். வெளிநாட்டில் இருந்துகொண்டு அப்படி நம்பவைப்பது நடக்காத காரியம். நிலம் உங்களுடையதா, குத்தகையா என்பதையும் பாருங்கள்: வீடு மட்டும் விற்பனைக்கு, மனைக்கு மாத வாடகை என்று வருபவையும் பட்டியலில் கலந்திருக்கும்.

நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பதிவேட்டுச் சான்றில் பாருங்கள். நம் ஊர் வில்லங்கச் சான்றிதழைப் போன்றது இது. சில நூறு யென் கட்டினால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இறந்துபோன தாத்தா பெயரிலேயே பதிவு நின்றுகொண்டிருந்தால் வாரிசுகள் அத்தனை பேரும் சம்மதித்துப் பெயர் மாற்றும்வரை பணம் கொடுக்கக் கூடாது. வாரிசுப் பதிவு 2024 ஏப்ரல் முதல்தான் கட்டாயமாகியிருக்கிறது. அதற்கு முன் பலர் கண்டுகொள்ளவே இல்லை.

கடைசியாக அரசின் ஆபத்து வரைபடம். வெள்ளம், நிலச்சரிவு, சுனாமி எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டும் இணைய வரைபடம் இலவசமாகவே இருக்கிறது. மலையடிவாரத்து அழகான வீட்டின் மீது நிலச்சரிவுச் சிவப்பு படிந்திருந்தால் அடுத்ததைப் பாருங்கள்.

படி 4: நேரில் பார்ப்பது

தரையில் நடந்து பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் கரையானையோ ஈரத்தையோ சந்தேகிக்க வேண்டும். உள்கூரையில் பழுப்புக் கறை இருந்தால் ஓடு ஒழுகுகிறது. கழிவறையைக் கட்டாயம் கேளுங்கள்: பொதுச் சாக்கடை இணைப்பா, 'ஜோகசோ' என்ற கழிவுநீர்த் தொட்டியா, அல்லது லாரி வந்து உறிஞ்சும் பழைய குழியா? குழியை எடுத்துவிட்டுத் தொட்டி வைக்கச் சுமார் பத்து லட்சம் யென் ஆகலாம். வீட்டின் விலையே அவ்வளவுதான் என்பதை நினைவில் வையுங்கள்.

பெட்டி, படுக்கை, பாத்திரம், பூஜை மாடம் எல்லாம் அப்படியே விட்டுப் போயிருப்பார்கள். அதை அகற்றுவது யார் செலவு என்று எழுத்தில் வாங்குங்கள். கட்டடப் பரிசோதகர் ஒருவரை வைத்துக்கொண்டால் பொதுவாக ஒரு லட்சம் யென்னுக்குள் முடியும். இந்தச் செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

படி 5: பணக் கணக்கு

விலை 20 லட்சம் யென் என்று வைத்துக்கொள்வோம். 80 லட்சம் யென்னும் அதற்குக் குறைவுமான வீடுகளுக்குத் தரகர் 3.3 லட்சம் யென் வரை வாங்கலாம் என்று 2024 ஜூலையில் விதி மாறியது. அதன்மேல் பதிவுக் கட்டணம், முத்திரை வரி, பத்திர எழுத்தருக்கான கூலி. வாங்கிச் சில மாதங்கள் கழித்து, எல்லாம் முடிந்தது என்று நினைத்திருக்கும் நேரத்தில், சொத்துக் கையக வரி என்று ஒரு கடிதம் வரும். அரசு மதிப்பில் 3 சதவீதம். ஆண்டுதோறும் சொத்து வரி 1.4 சதவீதம், சில இடங்களில் கூடுதலாக 0.3 சதவீதம் வரை நகரத் திட்ட வரி. மதிப்பு குறைவென்பதால் வரி பயமுறுத்தாது. பயமுறுத்துவது பழுது: கூரை, குளியலறை, சமையலறை, மின்கம்பிகள் என்று தொட்டால் வீட்டு விலையைப் போல இரண்டு மடங்கு கரைவது சாதாரணம்.

நிரந்தரக் குடியிருப்பு அனுமதி இல்லாதவர்க்கு ஜப்பானிய வங்கிகள் வீட்டுக்கடன் தருவது அபூர்வம். முழுப் பணமும் கையில் இருக்க வேண்டும். இந்தியாவில் வசிப்பவர்கள் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். அதில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதத்தை வங்கி முன்கூட்டியே வரியாகப் பிடிக்கும். இதை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஒவ்வோர் ஆண்டும் வரிக்கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் வீட்டைக் காட்ட வேண்டும். மறைத்தால் பத்து லட்சம் ரூபாய் அபராதம் என்று கறுப்புப் பணச் சட்டம் சொல்கிறது.

படி 6: ஒப்பந்தம்

கையெழுத்துக்கு முன் உரிமம் பெற்ற சொத்து நிபுணர் ஒருவர் 'ஜூயோ ஜிகோ செட்சுமெய்' என்ற முக்கிய விவரக் குறிப்பை உங்களுக்குப் படித்து விளக்க வேண்டும். காணொளி வழியாகவும் செய்யலாம். சாலை, கழிவுநீர், மண்டலக் கட்டுப்பாடு, ஆபத்துப் பகுதி எல்லாம் அதில் இருக்கும். முந்தைய நாளே பிரதி வாங்கி நம்பகமான ஒருவரைக் கொண்டு மொழிபெயர்த்துப் படியுங்கள். தரகர் இல்லாமல் உரிமையாளரிடம் நேரடியாக வாங்கினால் இந்த விளக்கம் கட்டாயமில்லை. தரகுக் கூலியை மிச்சம் பிடிக்கப்போய் இந்தப் பாதுகாப்பை இழப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

முன்பணம் பொதுவாக 5 முதல் 10 சதவீதம். நீங்கள் பின்வாங்கினால் அது போய்விடும்; விற்பவர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் தர வேண்டும். பழைய வீடுகளில், பின்னால் தெரியவரும் குறைகளுக்கு விற்பவர் பொறுப்பல்ல என்ற விதி ஒப்பந்தத்தில் அநேகமாக இருக்கும். நான்காம் படியை ஒழுங்காகச் செய்யச் சொன்னது இதற்காகத்தான்.

படி 7: பதிவு

பதிவு வேலையை 'ஷிஹோ ஷோஷி' என்ற சட்ட எழுத்தர் பார்த்துக்கொள்வார். ஜப்பானில் முகவரி இல்லாதவர்களுக்கு முத்திரைச் சான்றும் (கையெழுத்துக்குப் பதில் அங்கே பதிக்கும் சொந்த முத்திரைக்கான அத்தாட்சி) குடியிருப்புச் சான்றும் கிடையாது. அதற்குப் பதில் சொந்த நாட்டு நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். என்ன வாசகம், எந்த வடிவம் என்று எழுத்தரிடம் முதலில் கேட்டுவிட்டு நோட்டரியிடம் போங்கள். 2024 ஏப்ரல் முதல் வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளர், ஜப்பானுக்குள் இருக்கும் தொடர்பாளர் ஒருவரைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். யாரும் இல்லையென்றால் இல்லை என்பதையே பதிவார்கள்.

மீதிப் பணம், சாவி, பதிவு விண்ணப்பம் மூன்றும் ஒரே நாளில் நடக்கும். சில நாட்கள் கழித்து, உரிமையாளர் நீங்கள்தான் என்பதைக் காட்டும் ஓர் இரகசியக் குறியீடு அச்சிட்ட தாள் வரும். தொலைந்தால் மறுபடி தரமாட்டார்கள். ஜப்பானுக்கு வெளியே வசிப்பவர்கள் வாங்கிய 20 நாட்களுக்குள் ஜப்பான் வங்கி (அந்நாட்டு மத்திய வங்கி) வழியாக நிதி அமைச்சருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். எழுத்தரே அனுப்பிவிடுவார் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டு உறுதி செய்யுங்கள்.

படி 8: வாங்கிய பிறகு

ஜனவரி 1ஆம் தேதி உரிமையாளராக இருப்பவருக்கு அந்த ஆண்டின் சொத்து வரிச் சீட்டு வரும். நீங்கள் அங்கே இல்லையென்றால் அதை வாங்கிக் கட்ட ஜப்பானில் ஒரு வரிப் பொறுப்பாளரை நியமித்து நகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். தீக் காப்பீடும், அதனுடன் சேர்த்து மட்டுமே கிடைக்கும் நிலநடுக்கக் காப்பீடும் எடுங்கள். ஆளில்லாத வீட்டுக்குக் காப்பீடு தர சில நிறுவனங்கள் தயங்கும்.

புல் மண்டி, ஓடு சரிந்து, அண்டை வீட்டாருக்கு ஆபத்தாகும் வீட்டை நகராட்சி 'குறிப்பிட்ட காலி வீடு' என்று அறிவிக்கலாம். 2015இல் வந்த சட்டம் இது. 2023இல் திருத்தியபோது, அந்த நிலைக்குப் போய்க்கொண்டிருக்கும் வீடுகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அறிவுரையைக் கேட்காவிட்டால் நிலவரிச் சலுகை பறிபோகும். வேண்டாம் என்று விட்டுவிடவும் வழியில்லை. நிலத்தை அரசே ஏற்றுக்கொள்ளும் திட்டம் 2023 முதல் இருக்கிறது. ஆனால் அது வாரிசாக நிலம் பெற்றவர்களுக்கு, அதுவும் வெற்று மனைக்கு மட்டும். காசு கொடுத்து வாங்கியவர் விற்கலாம், இலவசமாகக் கொடுக்கலாம், அல்லது காலமெல்லாம் வரி கட்டலாம். சாதாரண அளவுள்ள மர வீட்டை இடிக்கவே பத்துப் பதினைந்து லட்சம் யென் பிடிக்கும். இந்தத் தொகையை ஐந்தாம் படியின் கணக்கில் இப்போதே சேர்த்துவிடுங்கள். சேர்த்த பிறகும் கட்டுப்படியானால் வாங்கலாம்.

குளிர் மாகாணமென்றால், ஊர் திரும்புமுன் தண்ணீர்க் குழாய்களை முழுவதும் வடித்துவிட ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். உறைந்தால் குழாய் வெடிக்கும். பக்கத்து வீட்டாரிடம் இனிப்புப் பெட்டி ஒன்றுடன் போய் அறிமுகம் செய்துகொண்டு, உங்கள் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள். குழாய் வெடித்தால் முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.