ஹைட்ராலிக் கிளட்ச் பொருத்துவது எப்படி: முதலில் கணக்கு, பிறகு ஸ்பானர்

வலுவான பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பகுதி) போட்ட காரில் கேபிள் கிளட்ச் காலைப் படுத்தி எடுக்கும். அதனால் ஹைட்ராலிக் முறைக்கு மாறுபவர்கள், பெரியது நல்லது என்று நம்பிப் பெரிய மாஸ்டர் சிலிண்டரை (பெடலோடு இணைந்து ஆயிலைத் தள்ளுவது) வாங்கிவிடுகிறார்கள். வாங்குவதற்கு முன் பேப்பரும் பேனாவும் எடுங்கள்.

படி 1: ஆயில் கணக்கு

மாஸ்டர் தள்ளும் ஆயிலின் அளவே, கியர்பாக்ஸ் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனை நகர்த்துகிறது. பெடல் விகிதம் 6:1 என்று வைத்துக்கொள்வோம். பாதம் 150 மி.மீ. இறங்கினால், மாஸ்டரைத் தள்ளும் கம்பியான புஷ் ராடு 25 மி.மீ. நகரும். மாஸ்டரின் உள்விட்டம் 19 மி.மீ. என்றால் சுமார் 7.1 கன செ.மீ. ஆயில் வெளியேறும். 22 மி.மீ. ஸ்லேவை அது 18.6 மி.மீ. தள்ளும், ஃபோர்க் (ஸ்லேவுக்கும் பேரிங்குக்கும் இடையே உள்ள நெம்புகோல்) விகிதம் 2:1 என்றால், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் 9.3 மி.மீ. நகரும்.

அதே இடத்தில் 16 மி.மீ. மாஸ்டர் போட்டால் பேரிங் 6.6 மி.மீ. மட்டுமே நகரும், கிளட்ச் முழுதாக விடுபடாமல் கியர் கரகரக்கலாம். 22 மி.மீ. போட்டால் 12.5 மி.மீ. நகரும், ஆனால் மிதிக்கும் விசை மூன்றில் ஒரு பங்கு கூடும், பேரிங் அழுத்தும் டயாஃபிரம் விரல்களும் (பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் நுனிகள்) அளவுக்கு மீறி வளையக்கூடும். பிரஷர் பிளேட் தயாரிப்பாளர் எத்தனை மி.மீ. கேட்கிறார் என்று பார்த்து, அதற்கேற்ற மாஸ்டரைத் தேர்ந்தெடுங்கள்.

படி 2: மாஸ்டர் சிலிண்டர்

மாஸ்டரை மாட்டும் ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பு) மெல்லிய தகடாக இருந்தால், மிதிக்கும்போது வளைந்து, கணக்கிட்ட நகர்வை விழுங்கிவிடும். பின்னால் ஒரு தடித்த பிளேட் கொடுங்கள். புஷ் ராடு கோணலாக இல்லாமல் நேராகத் தள்ள வேண்டும். பெடலை விட்ட நிலையில் ராடுக்கு 1 மி.மீ. அளவாவது தளர்வு வேண்டும். இல்லையென்றால் ரிசர்வாயருக்கு (ஆயில் தொட்டிக்கு) திரும்பும் துளை அடைபட்டு, சூட்டில் விரியும் ஆயில் கிளட்சைத் தானே அழுத்தத் தொடங்கும்.

படி 3: ஸ்லேவும் ஹோஸும்

ஃபோர்க் உள்ள கியர்பாக்ஸ் என்றால் வெளியே மாட்டும் ஸ்லேவையே பரிந்துரைப்பேன். உள்ளே உட்காரும் ஹைட்ராலிக் பேரிங் அழகானதுதான். ஆனால் கசிந்தால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அதைத்தான் போடுவீர்கள் என்றால், விரல்களுக்கும் பேரிங்குக்கும் இடையே சொல்லப்பட்ட இடைவெளியை ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்யுங்கள். கிளட்ச் பிளேட் தேயத் தேய விரல்கள் பேரிங்கை நோக்கி வரும். ஹோஸ் எக்ஸாஸ்டிலிருந்து விலகியே போகட்டும். நடுவே மேடாக வளைந்தால் அங்கே காற்று தங்கும்.

படி 4: ஏர் எடுப்பது

இங்கே ஆயில் என்பது பிரேக் ஆயில்: டாட் 3 அல்லது டாட் 4, சிலிண்டர் தயாரிப்பாளர் சொல்வதை ஊற்றுங்கள். சிலிக்கான் வகையான டாட் 5 வேறு; கலக்கக் கூடாது. உதவியாளர் மிதித்துப் பிடிக்க, ஸ்லேவில் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து, மூடிய பிறகே பெடலை விட வேண்டும். ரிசர்வாயர் ஒருபோதும் காலியாகக் கூடாது. பெயின்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

படி 5: பெடல் ஸ்டாப்

எஞ்சினை அணைத்து, இயக்கும் சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி, கியரில் போடுங்கள். ஒரு சக்கரத்தை ஒருவர் அசையாமல் பிடிக்க வேண்டும்; இல்லையென்றால் டிஃபரன்ஷியல் அதை எதிர்த்திசையில் சுழற்றி உங்களை ஏமாற்றும். மற்றொருவர் மெதுவாக மிதிக்க, நீங்கள் அடுத்த சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். அது விடுபடும் இடத்துக்குச் சற்றே கீழே, பெடல் அதற்கு மேல் இறங்காதபடி ஸ்டாப்பை இறுக்குங்கள். பிறகு சக்கரங்களை இறக்கி, ஐடிலிங்கில் பெடலைச் சில நொடி மிதித்துப் பிடித்து ரிவர்ஸ் போடுங்கள். கரகரத்தால் ஸ்டாப்பைத் தொடாதீர்கள். முதலில் இன்னொரு முறை ஏர் எடுங்கள்.