முகப்பிலேயே நின்றுவிடுகிறோம்: ஓடிடியில் நல்ல படம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற கோடை விடுமுறையில் பிள்ளைகள் எல்லோரும் காரைக்குடிக்கு வந்திருந்த ஓர் இரவு, சாப்பாடு முடிந்து வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) பாய் விரித்துப் படம் பார்க்க உட்கார்ந்தோம். ரிமோட் என் கையில் இருந்தது. ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கும், ஒரு செயலியிலிருந்து அடுத்த செயலிக்கும் ஏறக்குறைய நாற்பது நிமிடம் தாவிக்கொண்டிருந்தேன். ஓலைக் கொட்டானில் இருந்த தேன்குழல் தீர்ந்தது. சின்னவை இரண்டும் தூங்கிவிட்டன. தூணில் சாய்ந்திருந்த அப்பத்தா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, படம் பார்க்கக் கூப்பிட்டியா, இல்லை படத்தோட போட்டோவைப் பார்க்கக் கூப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அன்று நாங்கள் எதையும் பார்க்கவில்லை.

செட்டிநாட்டு வீட்டின் முகப்பு வந்தவரை வரவேற்கவும், வீட்டாரின் செல்வத்தை ஒரே பார்வையில் காட்டவும் கட்டப்பட்டது. பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைக்கதவின் சிற்பங்களும் அங்கேதான் கண்ணைப் பறிக்கும். ஆனால் குடும்பம் புழங்குகிற வளவும், இரண்டாம் கட்டும், பெட்டகங்கள் அடுக்கிய அறைகளும் உள்ளே இருக்கின்றன. முகப்போடு திரும்பியவர் வீட்டைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. ஓடிடி செயலி திறந்ததும் வரும் முதல் பக்கத்துக்கும் தமிழில் முகப்பு என்றே பெயர் வைத்திருக்கிறோம். அதன் வேலையும் ஏறத்தாழ அதுவே. நல்ல படம் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்வோரில் பெரும்பாலோர் அந்த முகப்பைத் தாண்டி ஒருநாளும் உள்ளே போகாதவர்கள் என்பது என் கணிப்பு. நானும் நெடுநாள் அப்படித்தான் இருந்தேன்.

முகப்பில் தெரிவதே அந்தச் சேவையில் உள்ள மொத்தச் சரக்கு என்று எண்ணுவது முதல் தவறு. 2016 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்த நெட்ஃபிளிக்ஸ், தன் பரிந்துரைகள் எவற்றைக் கொண்டு அமைகின்றன என்பதைத் தன் உதவிப் பக்கத்திலேயே விளக்கியிருக்கிறது: முன்பு என்ன பார்த்தோம், எவ்வளவு நேரம் பார்த்தோம், எந்த நேரத்தில், எந்தக் கருவியில், எந்த மொழியில் பார்த்தோம் என்பவை கணக்கில் கொள்ளப்படுகின்றன. எந்த வரிசை மேலே வர வேண்டும், அந்த வரிசையில் எந்தப் படம் முதலில் நிற்க வேண்டும் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். படத்தின் சிறு அட்டைப்படமும் மாறும்; பார்ப்பவரின் ரசனைக்கேற்ப வெவ்வேறு அட்டைப்படங்களைக் காட்டுவதாக அந்த நிறுவனத்தின் பொறியாளர்களே 2017-இல் எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டிலேயே இதைக் கண்ணால் கண்டோம். ஒரே மலையாளப் படத்துக்கு என் திரையில் சீருடை அணிந்த இரண்டு காவலர்கள் நின்றார்கள். தங்கையின் கைப்பேசியில் அதே படம், மழையில் குடை பிடித்த ஒரு பெண்ணாக இருந்தது. படத்தைப் பார்த்தபோது அந்தப் பெண் வரும் காட்சிகள் எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்கூடத் தேறாது என்று தெரிந்தது. அட்டையில் இருக்கும் முகத்தை நம்பிப் படத்தைத் தேர்ந்தெடுப்பதும், அட்டை பிடிக்கவில்லை என்று ஒரு நல்ல படத்தைக் கடந்துபோவதும் ஒன்றுபோலவே ஏமாற்றம் தருவன.

ஆகவே, தொலைக்காட்சியை இயக்கும் முன்பே பார்க்க வேண்டிய படத்தின் பெயர் கையில் இருக்க வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குள் வெறுமனே நுழைந்தவர் வெளியே வரும்போது தேவையில்லாத ஒரு பீங்கான் குவளையோடு வருவார். தேக்குச் சட்டமிட்ட கண்ணாடிதான் வேண்டும் என்று அளவு குறித்துக்கொண்டு போனவர் அதை எடுத்துக்கொண்டு வருவார்.

அடுத்தது, குடும்பம் முழுவதும் ஒரே ப்ரொஃபைலில் பார்ப்பது. எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகளின் கார்ட்டூன், அப்பச்சியின் கறுப்பு வெள்ளைப் படங்கள், இளையவர்களின் கொரியத் தொடர்கள், பின்னிரவில் நான் பாதி பார்த்துத் தூங்கிப்போன துப்பறியும் கதைகள் அனைத்தும் ஒரே கணக்கில் கலந்து கிடந்தன. அந்தக் கலவையிலிருந்து யாருக்கும் பொருந்தாத ஒரு மனிதரின் ரசனையைச் செயலி ஊகித்து, அவருக்கே படம் பரிந்துரைத்துக்கொண்டிருந்தது. நெட்ஃபிளிக்ஸில் ஐந்து, பிரைம் வீடியோவில் ஆறு ப்ரொஃபைல்கள் வரை வைத்துக்கொள்ளலாம். அவற்றைப் பிரித்து வைப்பதோடு, தவறுதலாக ஓடவிட்ட படங்களைப் பார்வை வரலாற்றிலிருந்து நீக்கவும் வேண்டும். பிடித்தது, பிடிக்கவில்லை என்று சொல்லும் கட்டைவிரல் பொத்தானை நம்மவர்கள் ஏனோ தொடுவதே இல்லை. அமைப்புகளில் மொழியைத் தேர்ந்து வைக்காததும் இதே வகைத் தவறு.

'இன்றைய முதல் பத்து' வரிசையைத் தரப்பட்டியலாகக் கருதுவது இன்னொன்று. 2023 முதல் நெட்ஃபிளிக்ஸ் தன் வாராந்தரப் பட்டியலுக்கு, ஒரு படத்தை எல்லோரும் சேர்ந்து பார்த்த மொத்த மணிநேரத்தை அப்படத்தின் நீளத்தால் வகுத்து வரும் எண்ணை எடுத்துக்கொள்கிறது. எத்தனை பேர் பாதியில் எழுந்தார்கள், எத்தனை பேர் முடித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்கள் என்பதற்கு அந்த வகுத்தலில் இடமில்லை. விளம்பரம் செய்யப்பட்ட பெரிய நட்சத்திரப் படம் முதல் வாரத்தில் அங்கே நிற்பது இயல்பு. அது கூட்டத்தைக் காட்டும் பலகை, அவ்வளவே.

மதிப்பெண்களை எடுத்தாளும் விதத்தில்தான் மிகுதியான குழப்பம் இருப்பதால், அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். திரைப்படத் தகவல் தளமான ஐஎம்டிபியில் தெரியும் பத்துக்கு இத்தனை என்னும் எண், பதிவு செய்த பொதுமக்கள் அளித்த வாக்குகளிலிருந்து, எல்லா வாக்கையும் சமமாக எடுக்காமல் நிறை போட்டுக் கணக்கிடப்படுவது. விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர்களுக்கென்று காட்டப்படும் விழுக்காடு முற்றிலும் வேறு பொருளுடையது: விமர்சனம் எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் 'பரவாயில்லை, பார்க்கலாம்' என்ற பக்கம் சாய்ந்தார்கள் என்பதை மட்டுமே அது சொல்கிறது. எல்லா விமர்சகர்களும் பத்துக்கு ஆறு கொடுத்த சாதாரணப் படம் அங்கே நூறு விழுக்காட்டைத் தொட்டுவிடலாம். பாதிப் பேர் கொண்டாடி, மீதிப் பேர் வெறுத்த துணிச்சலான படம் ஐம்பதில் நிற்கலாம். இந்த இரண்டில் எனக்கு வேண்டியது பெரும்பாலும் இரண்டாவதுதான். நூறு என்ற எண்ணைக் கண்டு, "நூற்றுக்கு நூறாம்" என்று வீட்டில் அறிவித்து, எல்லோரையும் உட்காரவைத்து, அரைமணி நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்துபோவதைப் பார்த்த அனுபவமும் எனக்கு உண்டு.

பொதுமக்களின் வாக்கிலும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தமிழில் ஒரு நட்சத்திரத்தின் படம் வெளியான முதல் இரண்டு நாள்களில் விழும் வாக்குகளில் பத்தும் ஒன்றுமே மிகுந்திருக்கும். பத்து போட்டவர் ரசிகர், ஒன்று போட்டவர் எதிர்முகாமின் ரசிகர். படம் பார்த்தவர் அந்த இடைவெளியில் எங்கோ இருக்கிறார். எனவே வாக்கு எத்தனை பேரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது என்று பாராமல் சராசரியை மட்டும் பார்ப்பது வீண். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தால் எண் ஓரளவு தன் இடத்துக்கு வந்துவிடும். இதைவிட நம்பகமான வழி, நம் ரசனையோடு ஒத்துப்போகும் ஓரிரு விமர்சகரைத் தொடர்ந்து படிப்பது. ஒத்துப்போகாதவரும் பயன்படுவார். "மெதுவாக நகர்கிறது" என்று ஒருவர் குறைசொல்லும் படங்கள் எல்லாம் எனக்குப் பிடித்துப்போவதைக் கண்டபின், அவர் கட்டுரைகளை ஒன்றுவிடாமல் படித்துவருகிறேன்.

தேடுபெட்டியைச் சரியாகப் பயன்படுத்தாமை அடுத்த தவறு. நம்மில் பலர் நடிகரின் பெயரைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். நடிகர் ஆண்டுக்கு இரண்டு மூன்று படங்களில், யார் யாரோ எழுதிய கதைகளில் வருகிறார். படத்தின் தன்மையைத் தீர்மானிப்பவர் இயக்குநரும் எழுத்தாளரும். ஒரு படம் பிடித்திருந்தால் அதன் இயக்குநர், திரைக்கதை ஆசிரியர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் பெயர்களைத் தேடிப் போவது, முகப்பு என்றும் காட்டாத அறைகளைத் திறந்துவிடும். எழுத்துக்கூட்டலும் ஒரு தடை. ஆங்கில எழுத்தில் தேடும்போது நம் 'ழ'வுக்கு ஒருவர் ஒரு கூட்டலும் மற்றவர் வேறு கூட்டலும் வைத்திருப்பார்கள். நெடில், குறில், இரட்டிக்கும் எழுத்து எல்லாவற்றிலும் இதே சிக்கல். ஒருமுறை தட்டி வரவில்லை என்றால் இல்லை என்று முடிவு கட்டாமல், வேறு கூட்டலிலும் தமிழ் எழுத்திலும் தேடிப் பார்க்க வேண்டும்.

1947-இல் வெளிவந்த 'நாம் இருவர்' படம், ஏ.வி. மெய்யப்ப செட்டியார் அப்போது காரைக்குடியில் நடத்திவந்த ஸ்டுடியோவில் உருவானது, பிறகுதான் அவருடைய ஏ.வி.எம். நிறுவனம் சென்னை வடபழனிக்குப் பெயர்ந்தது. நம் ஊரில் எடுத்த அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று அப்பத்தா ஒருநாள் கேட்டார். நான் ஒரு செயலியில் பெயரைத் தட்டியதும் வரிசையாக இருபது படங்கள் வந்தன. அவற்றில் அது மட்டும் இல்லை. கேட்ட படம் தன்னிடம் இல்லை என்று செயலி முகத்துக்கு நேரே சொல்வதில்லை. அதைப் போன்றவை இவை என்று வேறு சிலவற்றை எடுத்து நீட்டும். கத்திரிக்காய் கேட்டவருக்குக் கடைக்காரர் புடலங்காயை நிறுத்துப் போடுவது போன்ற வித்தை அது. பழைய தமிழ்ப் படங்களைப் பொறுத்தவரை, சந்தா கட்டும் சேவைகளோடு தேடலை நிறுத்திக்கொள்வதே தவறு. உரிமையாளர்கள் தாங்களே யூடியூபில் இலவசமாக ஏற்றியிருக்கும் பழைய படங்கள் ஏராளம். எந்தப் படம் எந்தச் சேவையில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்வதற்கு ஜஸ்ட்வாட்ச் போன்ற தளங்கள் இருக்கின்றன. ஐந்து செயலிகளைத் திறந்து மூடும் நேரம் மிச்சமாகும்.

மொழி விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. தமிழ் டப்பிங் இருக்கிறதே என்று மலையாளப் படத்தைத் தமிழில் பார்ப்பவர், காதுக்கு ஏறத்தாழ எட்டிவிடும் ஒரு மொழியின் வட்டார நயத்தை வீணே இழக்கிறார். சப்டைட்டிலை வைத்துக்கொண்டு மூல ஒலியில் இரண்டு படம் பார்த்தால் மூன்றாவதுக்கு அது பாதிதான் தேவைப்படும். ஆனால் வயதானவர்களை வேகமாக ஓடும் எழுத்துகளைப் படிக்கச்சொல்லி வதைப்பதும் முறையன்று. அப்பத்தாவுக்கு டப்பிங்தான். அவருக்கு வேண்டியது கதை. அதில் குறைகாண எனக்கு உரிமை இல்லை.

மூன்று தலைமுறை ஒன்றாக உட்காரும் வீட்டில் வயது வகைப்பாட்டைப் பார்க்காமல் படத்தைத் தொடங்குவது சங்கடத்தில் முடியும். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஓடிடி நிறுவனங்கள் தம் படைப்புகளை எல்லோருக்குமான யு, ஏழு, பதின்மூன்று, பதினாறு வயதுக்கு மேற்பட்டோருக்கான யு/ஏ, வயது வந்தோருக்கான ஏ எனத் தாமே வகைப்படுத்திக் காட்ட வேண்டும். வன்முறை, வசைச்சொல் போன்றவை இருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். படம் தொடங்கும்போது ஓரத்தில் சில நொடிகள் தோன்றி மறையும் அந்த எழுத்தைப் பெரும்பாலும் நாம் பார்ப்பதில்லை. முதல் வசைச்சொல் வளவு முழுக்க எதிரொலித்த பிறகுதான் ரிமோட்டைத் தேடுகிறோம்.

தொடர்களைப் பற்றி ஒன்று மட்டும். இரண்டு பகுதிகள் பார்த்தும் அடுத்ததைக் காணும் ஆவல் எழவில்லை என்றால் விட்டுவிடலாம். "நாலாவதிலிருந்து சூடுபிடிக்கும்" என்பவர்களுக்காக நான்கு மணிநேரம் செலவிட வேண்டியதில்லை. சந்தாவிலும் இதே கணக்குதான். எல்லாச் சேவைகளையும் ஆண்டு முழுக்கக் கட்டிவைப்பதைவிட, பட்டியலில் உள்ள படங்கள் எதில் மிகுதியாக இருக்கின்றனவோ அதை ஒரு மாதம் எடுத்துப் பார்த்துவிட்டு, தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாட்டை நிறுத்திவிடுவது மலிவு. கைப்பேசி ரீசார்ஜோடு சேர்ந்து வரும் சேவைகளைத் தனியாகவும் வாங்கி இரட்டைச் செலவு செய்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். நம் பழைய வீடுகளின் கனத்த சுவர்களைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு வைஃபை வருவதில்லை என்பதால், முகப்பில் உட்கார்ந்து முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொள்வது எங்கள் ஊருக்கே உரிய உபாயம்.

பேரேடு எழுதிப் பிழைத்த ஊரில் பிறந்தவன் என்பதால், இப்போது படத்துக்கும் ஒரு பேரேடு வைத்திருக்கிறேன். நாற்பது பக்க நோட்டுதான். படத்தின் பெயர், சொன்னவர் யார், எதில் இருக்கிறது, யாரோடு பார்க்கலாம் என்று நான்கு பத்திகள். பேருந்தில் நண்பர் சொன்னதும், பத்திரிகையில் படித்ததும் அன்றே அதில் ஏறிவிடும். பார்த்து முடித்தபின் ஓரத்தில் வரவா, செலவா என்று ஒரு சொல். சேவையின் 'என் பட்டியல்' பகுதியை இதற்கு நம்ப முடியாது. உரிமக் காலம் முடிந்ததும் படம் அங்கிருந்து போய்விடும். சென்ற ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் நோட்டை அப்பத்தா கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழாக விரலை ஓட்டி, ஒரு வரியில் நிறுத்தி, "இதைப் போடு" என்றார். தேன்குழல் கொட்டான் அப்போதுதான் வந்து சேர்ந்தது.