பனி நண்டு மீன்வள நிர்வாகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் கிழக்குக் கரையில், நியூஃபவுண்ட்லாந்திலும் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவின் தென்பகுதியிலும், பல துறைமுகங்களுக்குச் சோறு போடுவது பனி நண்டு (snow crab) என்னும் குளிர்கடல் நண்டுதான். ஓட்டின் அகலம் 95 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள ஆண் நண்டை மட்டுமே பிடிக்கலாம் என்பது விதி. பெண் நண்டு அந்த அளவுக்கு வளர்வதே இல்லை. முட்டை சுமப்பவை எல்லாம் கடலிலேயே தங்கிவிடுகின்றன, பிறகென்ன கவலை என்று தோன்றும். அந்த நிம்மதிதான் முதல் தவறு.

ஆண் நண்டு ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதில்லை. ஒருநாள் கடைசி முறையாக ஓடு உரிக்கும், கொடுக்கு பருக்கும், அத்தோடு வளர்ச்சி முடிந்தது. சில 60 மி.மீ.யிலேயே நின்றுவிடும், சில 120-ஐயும் தாண்டும். அதனால் ஆய்வில் வந்த சின்ன ஆண்களை எல்லாம் எண்ணி, ‘இரண்டு வருடத்தில் இவை பிடிக்கும் அளவுக்கு வந்துவிடும்’ என்று கணக்குப் போடக்கூடாது. ஓட்டின் அகலத்தோடு கொடுக்கின் உயரத்தையும் அளந்தால்தான் எது இன்னும் வளரும், எது நின்றுவிட்டது என்று பிரிக்க முடியும். பெரிய ஆண்களை ஒட்டச் சுரண்டுவதும் ஆபத்து. பெரிய ஆண்கள் குறைந்து, நீரும் குளிர்ந்திருந்த நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் கடற்பகுதிகளில் ஆண் நண்டுகள் சிறிய அளவிலேயே வளர்ச்சியை முடித்துக்கொண்டது பதிவாகியிருக்கிறது.

நண்டு பிடிக்கக் கடலடியில் இறக்கும் கூண்டு நிறைந்து வருகிறது என்பதற்காகக் கடலில் நண்டு நிறைய இருப்பதாக நம்புவது அடுத்த தவறு. நண்டு குறையக் குறையப் படகுகள் மிச்சமிருக்கும் இடத்துக்கு நகரும். கூண்டுக்கு இத்தனை கிலோ என்ற எண் நன்றாகவே தெரியும், சரிவு கடைசியில்தான் வெளிப்படும். கடலில் இரண்டு நாள் கிடந்த கூண்டையும் ஐந்து நாள் கிடந்த கூண்டையும் ஒரே கணக்கில் சேர்த்தால் அந்த எண்ணுக்கும் மதிப்பில்லை. மேலும், தொழில் கூண்டின் கண்ணி பெரியது, சிறுசுகள் நழுவிவிடும். நாளைய பிடிப்பைப் பார்க்க வேண்டுமானால் சிறு கண்ணிக் கூண்டுகளையும் இழுவை மடி ஆய்வையும் ஆண்டுதோறும், விடாமல், அதே இடங்களில் நடத்த வேண்டும்.

ஓடு இறுகாத நண்டு

அதிகம் வீணாவது இதில்தான். ஓடு உரித்த நண்டு அளவில் 95-ஐத் தாண்டியிருக்கும், ஆனால் உள்ளே தண்ணீர்தான். சதை நிறைய ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். கையில் எடுத்தால் தெரிந்துவிடும்: அடிப்பக்கம் பளிச்சென்ற வெள்ளை, ஓட்டில் பாசியோ சிப்பியோ இல்லை, கொடுக்கைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும். இதற்கென்றே கடினமானி உண்டு. அதில் 68-க்குக் கீழே காட்டினால் இறுகாத ஓடு என்று கணக்கு. திருப்பிக் கடலில் விட்டாலும், மேல்தளத்தில் எறிபட்டதும் காற்று பட்டதும் சேர்ந்து பெரும்பங்கைக் கொன்றுவிடும். அடுத்த வருடம் நல்ல விலை போகவேண்டிய நண்டு அது.

ஆகவே கடலைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் இறுகாதவை 20 சதவீதத்தைத் தாண்டினால் அதை மூடுகிறார்கள். விதி நல்லது, நடைமுறையில்தான் கோட்டை விடுகிறோம். கண்காணிப்பாளர் ஏறும் படகுகள் சொற்பம். மாதிரி போதாத கட்டத்தை ‘பிரச்சினை இல்லை’ என்று திறந்தே வைத்துவிடுவது பெரும் பிழை. மாதிரி இல்லை என்றால் தகவல் இல்லை என்றுதான் பொருள். இன்னும் நல்ல வழி, வசந்தத்தின் தொடக்கத்திலேயே தொழிலை முடுக்கிவிட்டு, இறுகாதவை கூண்டேறும் கோடைக்கு முன் முடித்துக்கொள்வது. நண்டு வாங்கும் ஆலைகளோடு வரும் விலைத் தகராறில் தொடக்கம் தள்ளிப்போனால் அதன் விலையை இந்த நண்டுதான் கொடுக்கிறது.

பழைய எண், புதிய கடல்

அலாஸ்காவின் கிழக்கு பெரிங் கடலை எல்லோரும் பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். 2018-19 வெப்ப அலையில் கடலடியின் குளிர்ந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. அந்தச் சூடு நேரடியாகக் கொல்லும் சூடு அல்ல. 0 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்குப் போனாலே நண்டின் உணவுத் தேவை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். நெருக்கமாகக் குவிந்திருந்த கூட்டம் பட்டினியில் மாண்டது. காணாமல் போனவை 1,000 கோடிக்கு மேல் என்பது மதிப்பீடு. கொரோனாவால் 2020 ஆய்வு நடக்கவில்லை. ஆனாலும் அந்தப் பருவத்துக்கு 4.5 கோடி பவுண்டு எடை நண்டு பிடிக்க அனுமதிக்கப்பட்டது. 2021 ஆய்வு சரிவைக் காட்டியதும் அது 56 லட்சமாக இறங்கியது, 2022-ல் தொழிலே மூடப்பட்டது. ஆய்வு விட்டுப்போன வருடத்தில் பிடிக்கும் அளவைக் கணிசமாகக் குறைப்பது, கடலடி வெப்பநிலையை எவ்வளவு பிடிக்கலாம் என்ற ஒதுக்கீட்டுக் கணக்கிலேயே சேர்ப்பது, இரண்டையும் விதியாக முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். நெருக்கடி வந்தபின் பேசினால் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

கயிறும் நூலும்

2017-ல் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் வலத் திமிங்கலங்கள் (right whale) அடுத்தடுத்து இறந்தன; சில கப்பல் மோதியும் சில நண்டுக் கூண்டுக் கயிற்றில் சிக்கியும். அடுத்த வருடமே தென் வளைகுடா நண்டின் நிலைத்தன்மைச் சான்றிதழ் நிறுத்திவைக்கப்பட்டது. நீரின் மேல் தளர்ந்து மிதக்கும் கயிறு இருக்கவே கூடாது, திமிங்கலம் தென்பட்டால் கூண்டுகளை உடனே எடுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

கூண்டு தொலைந்தால் உள்ளே இருப்பவை செத்து, அவையே இரையாகி, இன்னும் நண்டை இழுக்கும். அதைத் தடுக்கத்தான் வலையில் ஒரு பகுதியை மக்கும் பருத்தி நூலால் கோர்க்கச் சொல்கிறார்கள். சில மாதத்தில் நூல் இற்று வழி திறந்துவிடும். கரையில் பழுது பார்க்கும்போது, இற்றுப்போன பருத்திக்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்த நைலானால் தைத்துவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு கூண்டிலும் அந்தத் தையலை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும்.