புலியில இருந்து பால்புதுமையர் நாவல் வரைக்கும்: புக் தேடறப்ப நான் பண்ணின தப்புகள், நீங்களாவது பண்ணாதீங்க

போன ஜனவரி, நந்தனம் ஒய்எம்சிஏ கிரவுண்ட், சென்னை புத்தகக் காட்சி. ஒரு ஸ்டால் வாசல்ல காலேஜ் பையன் ஒருத்தன் போன்ல இருக்கற லிஸ்ட்டைப் பாத்து ஒவ்வொரு பேரா கேட்டுக்கிட்டே இருக்கான், ஸ்டால்ல இருந்த பொண்ணும் இல்லண்ணா இல்லண்ணான்னு சொல்லிக்கிட்டே இருக்கு. எல்லாமே இங்கிலீஷ் டைட்டில். அவன் கேட்டதுல ஒரு புலி புக்கோட தமிழ் மொழிபெயர்ப்பு அவன் முழங்கைக்குப் பக்கத்துலயே அடுக்கி இருக்கு, ரெண்டு பேருமே பாக்கல. எடுத்துக் குடுத்தேன். ஆனா சிரிப்பு வரல, ஏன்னா பத்து வருஷம் முன்னாடி அதே மாதிரி லிஸ்ட்டோட நின்ன ஆள் நானு.

நான் நூலகர் கிடையாது, விமர்சகரும் கிடையாது. மெடிக்கல் ரெப். டாக்டர் ரூம் வாசல்ல பேஷண்ட்டுங்களோட உக்காந்திருக்கற நேரம்தான் என் படிக்கற நேரம். மாசத்துல ரெண்டாவது ஞாயிறு ஊர்ல பத்துப் பன்னெண்டு பேர் கூடி, படிச்சதைப் பேசுவோம். ஒரு மாசம் யானை, அடுத்த மாசம் நாவல், அதுக்கடுத்த மாசம் யாருக்கும் புரியாத ஏதோ ஒண்ணு. புதுசா சேர்றவங்க எல்லாம் என் பழைய தப்பை வரிசை மாறாம பண்றாங்க, அதான் எழுதறேன். பட்ஜெட் போடுங்க, பின்னட்டை படிங்க, அட்டைப் படத்தைப் பாத்து ஏமாறாதீங்கன்னெல்லாம் ஆரம்பிக்க மாட்டேன், அது உங்களுக்கே தெரியும்.

தமிழ்ல இருக்காதுன்னு நாமளே முடிவு பண்றது

இதைத்தான் நீளமா சொல்லப் போறேன். இன்னைக்கு நெனச்சாலும் எரிச்சல் வருது.

2016. திருநங்கை ஒருத்தரோட வாழ்க்கைக் கதை படிக்கலாம்னு குரூப்ல பேச்சு வந்துச்சு. நான் உடனே பெரிய படிப்பாளி மாதிரி, ரேவதியோட 'தி ட்ரூத் அபௌட் மீ' இருக்கு, பெங்குயின் போட்டது, 2010ல வந்துச்சுன்னு அடிச்சு விட்டேன். எட்டுப் பேர் கை தூக்கினாங்க. எட்டு காப்பி, 2,500 ரூபா சொச்சம், என் கார்டுலயே ஆர்டர் போட்டேன். பார்சல் வந்ததும் அடுக்கி வச்சு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல வேற போட்டுக்கிட்டேன், அந்த போட்டோ இப்பவும் போன்ல இருக்கு, டெலீட் பண்ணல.

எங்க குரூப்ல ஒரு டெய்லர் அக்கா இருக்காங்க. பத்தாவது வரைக்கும் படிச்சவங்க, தமிழ்ல எதைக் குடுத்தாலும் ரெண்டு நாள்ல முடிச்சுட்டு அடுத்தது என்னம்பாங்க. அந்த அக்காவும் காசு குடுத்து ஒண்ணு வாங்கிட்டாங்க, ஈஸியான இங்கிலீஷ்தான்க்கான்னு நான் வேற தைரியம் சொல்லி இருந்தேன். அடுத்த கூட்டத்துக்கு வந்தாங்க. புக்ல முதல் பத்து பக்கம் தாண்டல, அந்த இடத்துல ஜாக்கெட் அளவு எழுதற சீட்டு சொருகி இருக்கு, பக்க ஓரம் பூரா பென்சில்ல தமிழ் அர்த்தம். "ஏந்தம்பி, இந்தப் பொண்ணு நாமக்கல் பக்கத்துப் பொண்ணுதானே, இது எதுக்கு இங்கிலீஷ்ல பேசுது?"ன்னு கேட்டாங்க.

எல்லாரும் சிரிச்சோம். அக்கா சிரிக்கல.

அப்பத்தான் முன்பக்கத்தைத் திருப்பிப் பாக்கறேன். தமிழ்ல இருந்து இங்கிலீஷுக்கு மொழிபெயர்த்தது வ. கீதான்னு தெளிவா போட்டிருக்கு. ரேவதி எழுதினதே தமிழ்லதான்! இங்கிலீஷ் முதல்ல அச்சாயிடுச்சு, அடுத்த வருஷமே, 2011ல, 'வெள்ளை மொழி'ன்னு தமிழ்லயும் வந்துடுச்சு. நான் ஆர்டர் போட்டப்ப அது வந்து அஞ்சு வருஷம் ஆச்சு. அதுக்கும் முன்னாடி 2004லயே அவங்க தொகுத்த 'உணர்வும் உருவமும்' வேற இருக்கு. தமிழ்ல எழுதினதை இங்கிலீஷ்ல வாங்கி, டிக்‌ஷனரிய வச்சு மறுபடி தமிழாக்கிப் படிச்ச கூட்டம் உலகத்துலயே நாங்க ஒண்ணாத்தான் இருப்போம்.

காசு போனது போகட்டும். அக்கா மூணு மாசம் வரல. போன் பண்ணினா தீபாவளி ஆர்டர் ஜாஸ்தி தம்பின்னாங்க, தீபாவளி முடிஞ்சும் வரல. நான் 'வெள்ளை மொழி' ஒரு காப்பி தேடிப் பிடிச்சு கடைக்கே கொண்டுபோய்க் குடுத்தேன், மெஷின்ல இருந்து காலை எடுக்காமலே வாங்கி ஓரமா வச்சாங்க, சரி கோவம் போகலன்னு திரும்பிட்டேன். அடுத்த கூட்டத்துக்கு எல்லாருக்கும் முன்னாடி வந்து உக்காந்திருக்காங்க. அண்ணன்மார் கையில ரேவதி வாங்கின அடியைப் பத்தி அவங்க பேசினப்ப ஒருத்தரும் போனை எடுக்கல.

இது ஏன் நடக்குதுன்னா, நாம இங்கிலீஷ்ல டைப் பண்ணித் தேடறோம், அது இங்கிலீஷ் புக்கைத்தான் காட்டும். அதனால இப்ப எங்க குரூப்ல ஒரு ரூல்: எந்த புக்கா இருந்தாலும் எழுதினவர் பேரைத் தமிழ் எழுத்துல ஒரு தடவை தேடாம காசு கட்டக் கூடாது. தலைப்புப் பக்கத்துக்குப் பின்னாடி இருக்கற பொடி எழுத்தைப் படிக்கணும், மூலம் எந்த மொழி, யார் மொழிபெயர்ப்பு, முதல் பதிப்பு எந்த வருஷம்னு எல்லாம் அங்கதான் இருக்கும். கிடைக்கலன்னா பதிப்பகத்துக்கு நேரா போன் போடுங்க, சின்னப் பதிப்பகம்னா பல நேரம் முதலாளியே எடுப்பார்.

காட்டுயிர் பக்கமும் இதே கதைதான். அந்தப் பையனுக்கு நான் எடுத்துக் குடுத்தது உல்லாஸ் கரந்த்தோட 'கானுறை வேங்கை', தமிழ்ல சு. தியடோர் பாஸ்கரன். புலி எவ்வளவு இரை தின்னும், எவ்வளவு இடம் வேணும், எப்படி எண்ணுவாங்கன்னு வாழ்க்கை பூரா புலியை ஆராய்ஞ்ச விஞ்ஞானி எழுதினது. பிடிச்சிருந்தா அங்கேயே நிக்காதீங்க, மொழிபெயர்த்தவர் பேரைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க. நான் அப்படிப் போனப்பதான் மா. கிருஷ்ணன் கிடைச்சார், பழைய தமிழ் நாவலாசிரியர் மாதவையாவோட மகன், ஸ்டேட்ஸ்மன் பேப்பர்ல 1950ல இருந்து 1996ல சாகற வரைக்கும் இயற்கையைப் பத்தித் தொடர் கட்டுரை எழுதினவர். அவர் நேரடியா தமிழ்ல எழுதின கட்டுரைகளை பாஸ்கரன்தான் 'மழைக்காலமும் குயிலோசையும்'னு தொகுத்திருக்கார். இன்னும் கொஞ்சம் தோண்டினா இந்த பாஸ்கரன் தபால் துறையில பெரிய அதிகாரியா இருந்தவர், தமிழ் சினிமா வரலாறும் எழுதினவர். புலியைத் தேடிப் போனவன் ஊமைப்பட காலத்துல போய் நின்னேன், எந்த லிஸ்ட்டும் என்னை அங்க கூட்டிட்டுப் போயிருக்காது.

ஷெல்ஃப் பேரை நம்பறது

ட்யூவி எண், அதாவது எதைப் பத்தின புக்குன்னு சொல்ற எண், போட்டு அடுக்கற நூலகத்துல பறவை 598, பாலூட்டி 599, வேட்டை 799. அதாவது புலி ஆராய்ச்சி ஒரு மூலையில இருந்தா, வேட்டைக் கதைன்னு எண் விழுந்த புலி புக் இன்னொரு மூலையில இருக்கும், ரெண்டுலயும் அதே புலிதான். நாவலுக்கு மொழிதான் கணக்கு, கதை எதைப் பத்தின்னு முதுகுல இருக்கற எண் சொல்லாது. பால்புதுமையர், அதாவது தன்பாலின ஈர்ப்பு உள்ளவங்க, திருநர்னு இங்கிலீஷ்ல க்வியர்னு சொல்றவங்க, அவங்க கதைன்னு தனி அலமாரி எதிர்பாத்தா வெறுங்கையோடதான் வரணும். நான் ஷ்யாம் செல்வதுரையோட 'ஃபன்னி பாய்' நாவலைக் கண்டுபிடிச்சது ஒரு கடையில இலங்கைப் பிரச்சினை அரசியல் புக்குகளுக்கு நடுவுல. அது தப்பும் இல்ல, கதை 1983 கலவரத்துல போய் முடியுது. ஆனா ஆரம்பம் என்ன தெரியுமா, தாத்தா பாட்டி வீட்டுல ஞாயித்துக்கிழமை பொண்ணுங்களோட கல்யாண விளையாட்டு விளையாடற கொழும்புத் தமிழ்ப் பையன், மணப்பொண்ணு வேஷம் எனக்குத்தான்னு நிக்கறான். அதை எந்த ஷெல்ஃப்ல வைப்பீங்க?

இன்னொண்ணு, தேடற வார்த்தை. பால்புதுமையர்ங்கறது புதுசா பழக்கத்துக்கு வந்த சொல், 90கள்ல வந்த புக்கை அதைப் போட்டுத் தேடினா வராது. திருநங்கைன்னு தேடுங்க, கிடைக்கலன்னா அரவாணின்னும் தேடுங்க. இன்னைக்கு அப்படிக் கூப்பிட மாட்டோம், ஆனா பழைய கேட்டலாக்ல அந்த வார்த்தைதான் உக்காந்திருக்கும்.

வருஷம் பாக்காம சயின்ஸ் புக் வாங்கறது

நாவலுக்கு வயசு கிடையாது, காட்டுயிர் அறிவியலுக்கு உண்டு. ஒரு கூட்டத்துல பழைய புக் ஒண்ணை வச்சு இந்தியாவுல 3,600 புலிக்கு மேல இருக்குன்னு அள்ளி விட்டேன். கேட்டுக்கிட்டிருந்தவர்ல ஒருத்தர் காட்டுல வாட்சரா வேலை பாத்தவர், மெதுவா, சார் அது கால்தடம் பாத்து எண்ணின கணக்குன்னார். ஒரே புலியோட தடம் மண்ணுக்கு மண் மாறும், ஆளுக்கு ஆள் வேற மாதிரி தெரியும். 2005ல ராஜஸ்தான்ல இருக்கற சரிஸ்கா புலிகள் காப்பகத்துல ஒரு புலி கூட மிச்சமில்லன்னு வெளிய வந்தப்புறம் முறையையே மாத்தினாங்க, கேமரா ட்ராப், அதாவது விலங்கு கடந்து போனா தானா படம் எடுக்கற கேமரா, வச்சு புலி உடம்புல இருக்கற வரிகளை ஒப்பிட்டு எடுத்த 2006 கணக்கு 2008ல வந்துச்சு, 1,411. என் புக்கு அதுக்கு முன்னாடி அச்சடிச்சது. தூக்கிப் போடல, கதையா இன்னைக்கும் நல்லா இருக்கு, எண்ணிக்கையை மட்டும் வெளிய சொல்றதில்ல.

ஆன்லைன் மறுஅச்சு

ஜெர்டன்னு ஒருத்தர், கம்பெனி காலத்துல மெட்ராஸ் மாகாணத்துல டாக்டர். அவரோட பறவை ஓவிய நூல் 1847ல மெட்ராஸ்லயே வெளிவந்தது, படங்கள் நம்மூர் ஓவியர்கள் வரைஞ்சது. அந்தப் படத்துக்காகவே 1,650 ரூபா குடுத்து மறுஅச்சு வாங்கினேன். பிரிச்சா எல்லாப் படமும் கறுப்பு வெள்ளையில கரி அப்பின மாதிரி, ஒரு பக்கத்துல ஸ்கேன் பண்ணின ஆளோட கட்டை விரல், பறவையை விட விரல்தான் தெளிவா இருந்துச்சு. அட்டையில சம்பந்தமே இல்லாத சூரிய அஸ்தமனம், உள்ள முன்னுரை கிடையாது, பதிப்பாசிரியர் பேர் கிடையாது. இப்படி இருந்தா தொடாதீங்க. இந்த மாதிரி பழைய நூலெல்லாம் இன்டர்நெட் ஆர்கைவ்லயும் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரிலயும் கலர்ல, காசில்லாம பாக்கலாம்.

தலைப்பை வச்சு ஆள் பிடிக்கறது

பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலியோட 'தி ஃபால் ஆஃப் எ ஸ்பேரோ', செல்போன் டவரால சிட்டுக்குருவி அழிஞ்ச கதை இல்ல. 1985ல வந்த சுயசரிதை. சின்ன வயசுல ஏர்கன்ல அவர் சுட்டு விழுந்த குருவி அது.

முதல் புக்கே ஆய்வு நூலா எடுக்கறது

வேணாம். அட்டவணை எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

நாவலைப் படிச்சுட்டு "இது உண்மையா நடந்ததா?"ன்னு கேக்கறது

துப்பறியும் நாவல் எழுதறவர்கிட்ட எத்தனை கொலை பண்ணினீங்கன்னு கேக்கறோமா?

அட்டையை நியூஸ்பேப்பர் போட்டு மறைக்கறது

இது தப்பே இல்ல. உங்க வீட்டு நிலவரம் உங்களுக்குத்தான் தெரியும். மறைச்சுப் படிங்க.

எழுதி வைக்காம கடன் குடுக்கறது

ஒரு நோட்டு போடுங்க, பேர், தேதி. என்னோட 'கானுறை வேங்கை' யார்கிட்ட இருக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அந்தப் பையன் பில் போட்டு முடிச்சதும் நானும் ஒண்ணு புதுசா வாங்கிட்டுதான் வந்தேன்.